ஆம்ப்ளிபயருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

கடைக்கோ, கிடங்குக்கோ, சங்கக் கட்டடத்துக்கோ ஒலிபெருக்கிச் சாதனம் வாங்கப் போகும் வணிகர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதுதான். எடை பார்த்தே சரக்கு வாங்கிப் பழகிய நமக்கு அது இயல்பான கேள்வியே. ஆனால் இன்று விற்பனைக்கு வரும் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றின் அட்டைப்பெட்டியில், வாட் எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘டி.எஸ்.பி.’ என்ற மூன்று எழுத்துகளும் அச்சாகியிருக்கின்றன. "இது புது மாடல் சார்" என்பதோடு விற்பவர் நிறுத்திக்கொள்கிறார். வாங்குகிறவரும் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, அந்த வசதியைத் தொடாமலே பழையபடி வால்யூம் குமிழை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கிறார். சம்பளம் கொடுத்து அமர்த்திய கணக்குப்பிள்ளையைச் சும்மா உட்கார வைத்திருப்பதற்கு இது சமம்.

அந்தக் கணக்குப்பிள்ளை செய்யும் வேலைகள் எவை, அவரால் ஆகாத காரியங்கள் எவை, அவரை அமர்த்துமுன் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதை வணிகப் பெருமக்களுக்குப் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாட் கூடினால் சத்தம் கூடுமா?

முதலில் ஒரு கணக்கு. ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் குறிப்பிடுவார்கள். ஆம்ப்ளிபயரின் திறனை 100 வாட்டிலிருந்து 200 வாட்டாக இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு அது ஓரளவு தெரியும் மாற்றமே தவிர, இரண்டு மடங்குச் சத்தம் அன்று. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 100 வாட்டை 1,000 வாட்டாக்க வேண்டும்!

இன்னொரு பக்கம், திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஸ்பீக்கரிலிருந்து 10 அடியில் இருப்பவருக்கும் 80 அடியில் இருப்பவருக்கும் இடையே 18 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். மண்டபத்துக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்த வித்தியாசம் சற்றுக் குறையும். ஆனால் அப்படித் திரும்பும் ஒலி பேச்சைக் குழப்பவும் செய்யும். ஆக, பின்வரிசைக்குக் கேட்கட்டும் என்று வால்யூமைக் கூட்டினால், முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பின்வரிசையில் இருப்பவருக்கு இரைச்சல் கேட்கிறதே ஒழிய வார்த்தை புரிவதில்லை.

பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பவே வேண்டாம். அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. முத்திரை இல்லாத படிக்கல் போன்றது அது. எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு எத்தனை ‘ஆர்.எம்.எஸ்.’ வாட் என்று கேட்டு, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாக மாறும் ஒலி

டி.எஸ்.பி. என்பது ‘டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்’ என்பதன் சுருக்கம். மைக்கிலிருந்து வரும் குரல், ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே ஆம்ப்ளிபயருக்குள் நுழைகிறது. பழைய ஆம்ப்ளிபயரில் இந்த மின்னழுத்தத்தை மின்தடைகளும் கெப்பாசிட்டர்களும் நேரடியாகத் திருத்தின. ‘பாஸ்’, ‘ட்ரெபிள்’ என்ற இரண்டு குமிழ்களோடு வேலை முடிந்தது.

டி.எஸ்.பி. உள்ள ஆம்ப்ளிபயரில் அந்த மின்னழுத்தம் முதலில் எண்ணாக மாற்றப்படுகிறது. ஒரு விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகப் பேரேட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு இதையே விநாடிக்கு 44,100 முறை என்ற கணக்கில் செய்தது. குறுந்தகட்டில் ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகள். இன்றைய 24 பிட் கருவிகளில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். மனிதக் காது கேட்கக்கூடிய மிக உயர்ந்த சுருதி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் ஒலியைப் பழுதில்லாமல் மீட்டுவிடலாம் என்பது கணித விதி. கடை மேசையில் உட்கார்ந்து "பணம் வந்தது" என்று அறிவிக்கிறதே யூ.பி.ஐ. பெட்டி, அதுவும் எண்களாகப் பதிந்த குரலைத்தான் பேசுகிறது.

எண்ணாகிவிட்ட ஒலியைக் கூட்டலாம், பெருக்கலாம், சற்று நேரம் நிறுத்தி வைத்தும் அனுப்பலாம். இந்தக் கணக்கை ஒரு சிறு சில்லு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் செய்து முடித்து, எண்ணை மீண்டும் மின்னழுத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது நல்லது. ‘கிளாஸ் டி’ என்பது வேறு, டி.எஸ்.பி. வேறு. கிளாஸ் டி என்பது சூட்டைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு பெருக்கல் முறை. அந்த ‘டி’க்கு டிஜிட்டல் என்று பொருளில்லை. கிளாஸ் டி ஆம்ப்ளிபயர் எல்லாவற்றிலும் டி.எஸ்.பி. இருக்கும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

கணக்குப்பிள்ளை செய்யும் வேலைகள்

1. சலித்தல்: மாவைச் சலிப்பது போல ஒலியையும் சலிக்கலாம். இதற்கு ‘ஈக்வலைசர்’ என்று பெயர். கரகரப்பாகவோ, குடத்துக்குள் பேசுவது போலவோ கேட்கும் பகுதியை மட்டும் தேடிக் குறைக்கலாம். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. ‘பத்து’, ‘பட்டு’ என்னும் சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் அங்கேதான் வாழ்கின்றன. ஒன்றை மறந்துவிடக் கூடாது. எந்தப் பகுதியையும் 6 டெசிபல் கூட்டினால், அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிபயர் நான்கு மடங்குத் திறன் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டுவது கடன் வாங்குவது போன்றது. வேண்டாததைக் குறைப்பதே சிக்கனம்.

2. அடியொலியைத் தடுத்தல்: கூரையில் பொருத்தும் சிறு ஸ்பீக்கரும் கூம்பு ஒலிபெருக்கியும் ஆழ்ந்த அடியொலியை வெளியிட முடியாதவை. அந்த ஒலியை அவற்றுக்கு அனுப்பினால் திறன் வீணாவதோடு ஸ்பீக்கரும் பழுதாகும். கடை முழுதும் பல ஸ்பீக்கர்களை இணைக்கும் 100 வோல்ட் லைன் முறையில், ஒவ்வொரு ஸ்பீக்கரோடும் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மரும் அடியொலியால் திணறும். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும்படி டி.எஸ்.பி.யை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கூம்பு ஒலிபெருக்கிக்கு இந்த வெட்டு இன்னும் மேலே, அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் இருக்க வேண்டும்.

3. பங்கிடுதல்: பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் அடியொலிக்கு ஒன்று, மேலொலிக்கு ஒன்று என இரண்டு பகுதிகள் இருக்கும். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது ‘கிராஸ்ஓவர்’. 1976-இல் லிங்க்விட்ஸ், ரைலி என்ற பொறியாளர்கள் வகுத்த முறை இன்றும் டி.எஸ்.பி. பட்டியல்களில் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு பகுதிகளும் சேருமிடத்தில் மேடு பள்ளம் இல்லாமல் ஒலி சமமாக வருவது அதன் சிறப்பு.

4. காவல் காத்தல்: இதற்கு ‘லிமிட்டர்’ என்று பெயர். நமது பணத்தை நேரடியாகக் காப்பாற்றுவது இதுதான். ஆம்ப்ளிபயரைத் தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். முழுதாக வெட்டுப்பட்ட நிலையில் 100 வாட் ஆம்ப்ளிபயர் ஏறத்தாழ 200 வாட் வரை ஸ்பீக்கருக்குள் தள்ளக்கூடும். ஸ்பீக்கரின் சுருள் கருகுவது இப்படித்தான். "100 வாட் ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப்ளிபயர்தானே போட்டேன், ஏன் எரிந்தது?" என்ற கேள்விக்கு இதுவே விடை. 8 ஓம், 100 வாட் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 28 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து போகாதபடி லிமிட்டரை அமைத்துவிட்டால், பேசுபவர் எவ்வளவு கத்தினாலும் சுருள் தப்பிக்கும். நல்ல கருவிகளில் இரண்டு லிமிட்டர்கள் உண்டு. ஒன்று திடீர் அதிர்ச்சியைத் தடுக்கும். மற்றொன்று நீண்ட நேரச் சூட்டைத் தடுக்கும்.

5. ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தல்: ஒருவர் மைக்கை விழுங்குவது போலப் பேசுவார், அடுத்தவர் இரண்டடி தள்ளி நின்று முணுமுணுப்பார். ‘கம்ப்ரஸர்’ என்ற கணக்கு உரத்த குரலைச் சற்று அழுத்தி, இருவர் பேச்சையும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியிடும். கடையில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது அறிவிப்புச் செய்தால் பாட்டு தானாகத் தாழ்ந்து, அறிவிப்பு முடிந்ததும் தானாக உயர்வதும் இவ்வகைக் கணக்கே. தீ விபத்துப் போன்ற அவசரத்தில் வாடிக்கையாளர்களை வெளியேறச் சொல்லும் அறிவிப்பு பாட்டுக்குள் அமுங்கிப் போகாமல் இருக்க இது அவசியம்.

6. கீச்சொலியை அடக்குதல்: ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பிப் புகுந்து, மீண்டும் பெருகி வருவதால் மைக் கீச்சிடுகிறது. எந்தச் சுருதியில் அது தொடங்குகிறது என்று டி.எஸ்.பி. கண்டுபிடித்து, அந்தச் சுருதியை மட்டும் ஊசிமுனை அளவுக்கு வெட்டும். இதனால் கிடைக்கும் ஆதாயம் சிறிதளவே. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துவிட்டு டி.எஸ்.பி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாமதம் என்னும் உபாயம்

டி.எஸ்.பி.யின் வேலைகளில் நமது சங்க மண்டபங்களுக்கு மிகப் பயன்படக்கூடியது, ஆனால் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்படுவது, ‘டிலே’ எனப்படும் தாமதம். ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்துவதால் என்ன நன்மை என்று கேட்கலாம்.

100 அடி நீளமுள்ள ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மேடையின் இருபுறமும் ஸ்பீக்கர்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று மேடையிலிருந்து 60 அடி தள்ளி இன்னும் இரண்டு ஸ்பீக்கர்களைச் சுவரில் பொருத்துகிறோம். கம்பி வழியாக மின்சாரம் உடனே ஓடிவிடுகிறது. ஆனால் காற்று வழியாக ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,140 அடிதான் செல்லும். ஆகவே பின்னால் உள்ள ஸ்பீக்கர் முதலில் பேசிவிடுகிறது. மேடைப் பக்கத்து ஒலி அந்த 60 அடியைக் கடந்து வர, ஒரு விநாடியில் ஆயிரத்தில் 53 பங்கு நேரம், அதாவது 53 மில்லிசெகண்ட் ஆகிறது. பின்வரிசைக்காரர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்கிறார். ஸ்பீக்கர் கூடியும் பேச்சுப் புரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

பின் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை டி.எஸ்.பி.யில் 53 மில்லிசெகண்ட் நிறுத்தி வைத்து அனுப்பினால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அதோடு இன்னும் 10 மில்லிசெகண்ட் சேர்த்து 63 என்று வைத்தால் மேலும் ஒரு நன்மை உண்டு. இரண்டு இடங்களிலிருந்து ஒரே ஒலி சிறிது முன்பின்னாக வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே ஒலி வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஒலி சற்று உரக்க இருந்தாலும் இப்படியே நடக்கும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். இன்றும் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்வரிசைக்காரருக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள ஸ்பீக்கர் உதவுகிறது. ஆனால் மேடையில் நிற்பவரே தம்மிடம் பேசுவதாக அவருக்குத் தோன்றும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முன் ஸ்பீக்கர்களும் பின் ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிபயரின் தனித்தனி சேனல்களில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டால் ஒன்றுக்கு மட்டும் தாமதம் கொடுக்க வழியில்லை. கம்பி இழுக்கும் முன்பே இதை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளையால் ஆகாதவை

கையிருப்பில் இல்லாத பணத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் உண்டாக்க முடியாது. அதுபோல, ஆம்ப்ளிபயருக்கு இல்லாத திறனையும், ஸ்பீக்கருக்கு இல்லாத தரத்தையும் டி.எஸ்.பி. உண்டாக்காது. மைக்கிலிருந்து நுழையும்போதே வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு ஒட்டவைக்கவும் முடியாது. ஆகவே நுழைவாயில் அளவை முதலில் சரியாக வைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியவே கூடாது.

எதிரொலியும் அப்படித்தான். சரக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் பேசிப் பாருங்கள். பிறகு அதே கிடங்கு காலியாக இருக்கும்போது பேசிப் பாருங்கள். சாக்கு ஒலியை உறிஞ்சுகிறது. வெறும் சுவரும் தளமும் திருப்பி அனுப்புகின்றன. மார்பிள் தளமும் கண்ணாடியும் நிறைந்த மண்டபத்தில் சுழலும் எதிரொலியை ஈக்வலைசரால் துடைத்தெடுக்க முடியாது. கனத்த திரைச்சீலை, ஒலியுறிஞ்சும் கூரைப் பலகை, ஆட்களுக்கு அருகில் குறைந்த சத்தத்தில் பல ஸ்பீக்கர்கள் ஆகியவையே அதற்கு மருந்து.

சட்டமும் நமக்குத் துணையே

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி, வணிகப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவு பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. தனியார் இடத்து ஒலிச் சாதனத்தின் ஒலி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவுகளை 5 டெசிபலுக்கு மேல் மீறக்கூடாது. ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியிடம் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு.

கடை வாசலில் விற்பனை அறிவிப்புக்காக ஸ்பீக்கர் வைக்கிறவர், ஒருமுறை எல்லையில் நின்று அளந்து, அதற்கு மேல் போகாதபடி டி.எஸ்.பி.யில் உச்ச அளவைக் கட்டி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடலாம். பிறகு கடைப் பையன் உற்சாகத்தில் குமிழைத் திருப்பினாலும் அளவு மீறாது. பக்கத்துக் கடைக்காரரின் மனக்கசப்பும், காவல் நிலையப் படியேற்றமும் மிச்சம். நாள் முழுதும் அந்தச் சத்தத்துக்குக் கீழே நின்று வேலை பார்க்கும் நம் பணியாளர்களின் காதுகளும் தப்பும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. எத்தனை ஓமுக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட்? 100 வோல்ட் லைன் என்றால், எல்லா ஸ்பீக்கர்களின் வாட்டையும் கூட்டிப் பாருங்கள். 6 வாட் வீதம் 20 ஸ்பீக்கர் என்றால் 120 வாட். ஆம்ப்ளிபயர் அதைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும்.

2. டி.எஸ்.பி.யில் எவையெல்லாம் உண்டு? ‘ராக்’, ‘பாப்’, ‘ஜாஸ்’ என்று நான்கு பொத்தான்களை வைத்துவிட்டு டி.எஸ்.பி. என்று எழுதியிருப்பார்கள். ஈக்வலைசர், அடியொலி வெட்டு, லிமிட்டர், தாமதம் ஆகிய நான்கும் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே உண்டா என்று கேளுங்கள்.

3. மின்சாரம் போய் வந்தால் அமைப்பு அப்படியே இருக்குமா? கடவுச்சொல் போட்டுப் பூட்ட முடியுமா?

4. அமைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு? வெறுமனே மாட்டிவிட்டுப் போகாமல், ஆட்கள் உட்காரும் இடத்தில் நின்று கேட்டு அமைத்துத் தரச் சொல்லுங்கள். அமைத்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. பழுதானால் பலகை கிடைக்குமா? டி.எஸ்.பி. பலகையில் உள்ள நுண்ணிய பாகங்களைச் சாதாரண சால்டரிங் கருவியால் மாற்றுவது கடினம். முழுப் பலகையையே மாற்ற நேரலாம். அது எங்கே, எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

6. முறையான ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வழக்கமான முறையில் பதிவு பெற்ற வணிகர், தொழிலுக்காக வாங்கிய கருவிக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக வரவு வைக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இச்சலுகை இல்லை.

சிறு மளிகைக் கடைக்கு இவையெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே நேர்மையான பதில். பத்தடிக்கு இருபதடி கடையில் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் குரலே போதும். பல தளங்கள் உள்ள கடை, பரந்த மொத்த விற்பனை அங்காடி, திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடும் சங்க மண்டபம் ஆகியவற்றுக்கே டி.எஸ்.பி. கொடுத்த காசுக்குப் பலன் தரும்.

சங்கக் கூட்டங்களில் புதிய வரி விதி விளக்கப்படுகிறது, வாடகை உயர்வு பற்றித் தீர்மானம் படிக்கப்படுகிறது, தேர்தல் நடக்கிறது. தூரத்துக் கிராமத்திலிருந்து கடையை அடைத்துவிட்டுப் பஸ் பிடித்து வந்த உறுப்பினருக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைக்கிறது. அவர் காதில் தெளிவாக விழாத தீர்மானத்துக்கு அவர் கை தூக்குவதில் என்ன பொருள் இருக்கிறது? அடுத்த முறை மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்கும் நிர்வாகிகள், வாட் எண்ணைப் பார்க்கும் முன், கடைசி நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கே தெளிவாகக் கேட்டால் வாங்கிய பொருள் நல்ல பொருள்.